பக் எது, நம் பிழை எது: டிசிஎஸ் வேர்ல்டை நிஜத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

கணினியில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டரான டிசிஎஸ் வேர்ல்டில் முதல் முறை மஸ்டாங்கை, அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால ப்ரொப்பெல்லர் விமானத்தை, ஓடுதளத்தில் நிறுத்தி, இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை ஒரே மூச்சில் முழுவதும் தள்ளியவர்கள் எல்லோருக்கும் ஒரே கதைதான். விமானம் இடப்பக்கம் இழுக்கும், புல்தரையில் ஏறும், இறக்கை தரையில் உரசும், வெடிக்கும். "கேம்ல ஏதோ பக்" (மென்பொருள் கோளாறு) என்று எழுந்து போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த இழுப்புதான் அந்த சிமுலேட்டரிலேயே மிகச் சரியாகச் செய்யப்பட்ட விஷயம்.

அதனால் இந்த வழிகாட்டியில் செட்டிங்ஸ் பட்டியல் கொடுத்து "இதை வை, அதை எடு" என்று சொல்லப்போவதில்லை. எந்தக் குறை கருவியில் இருக்கிறது, எது நிறுவலில் இருக்கிறது, எது நம் புரிதலில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவோம். கடைசியில் எஞ்சுவதுதான் உண்மையான பக். இலவசமாகக் கிடைக்கும் டிஎஃப்-51டி மஸ்டாங், சு-25டி ஆகிய இரண்டு விமானங்களும், இலவச காகசஸ் வரைபடமும் இதற்குப் பெரும்பாலும் போதும்.

படி 1: எதையும் தொடுமுன் ஒரு நகல்

விண்டோஸில் உங்கள் பெயருக்குரிய ஃபோல்டருக்குள் 'சேவ்டு கேம்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'டிசிஎஸ்' என்ற ஃபோல்டர். நீங்கள் அமைத்த பட்டன்கள், கர்வ்கள் (இவை பற்றிப் படி 2-இல்), கிராஃபிக்ஸ் தேர்வுகள், மிஷன்கள், போட்ட மாட்கள் (மற்றவர்கள் செய்த கூடுதல் இணைப்புகள்), லாக் (நடந்தவற்றின் பதிவு) எல்லாம் இங்கேதான் சேரும். சிமுலேட்டர் நிறுவப்பட்ட இடம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

'டிசிஎஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டரை அப்படியே வேறொரு டிரைவுக்கு நகலெடுத்து, தேதி போட்டு வையுங்கள். மாதக் கணக்கில் உட்கார்ந்து அமைத்த பட்டன்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அதை இழந்தவர் முகத்தைப் பார்த்திருந்தால் நான் சொல்வது புரியும்.

படி 2: ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்படுங்கள்

"விமானம் தானாகச் சாய்கிறது", "மூக்கு கீழே போய்க்கொண்டே இருக்கிறது", "த்ராட்டில் துடிக்கிறது". இப்படி வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

டிசிஎஸ்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணினியில் செருகிய ஒவ்வொரு கருவிக்கும் பிட்ச் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரோல் (பக்கவாட்டில் சாய்ப்பது), ரட்டர் (வால் துடுப்பால் இடம் வலம் திருப்புவது), த்ராட்டில் ஆகிய ஆக்சிஸ்களை, அதாவது அசைவுக் கட்டுப்பாடுகளை, தானாகவே ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக், தனி த்ராட்டில், பெடல் என்று மூன்று வைத்திருந்தால், பெடலில் இருக்கும் ஒரு ஆக்சிஸ் உங்களுக்குத் தெரியாமலே ரோலையும் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும். பிரேக்கை லேசாக மிதித்தால் விமானம் சாயும். கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் விமானத்தைத் தேர்ந்தெடுத்து, 'ஆக்சிஸ் கமாண்ட்ஸ்' பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியிலும் தேவையான ஒரு கருவியைத் தவிர மற்றவற்றை அழியுங்கள். இதை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அப்புறம் காக்பிட்டில் உட்கார்ந்து வலப்பக்க கண்ட்ரோல் விசையையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு சிறு கட்டம் வரும். உங்கள் ஸ்டிக்கும் ரட்டரும் த்ராட்டிலும் சிமுலேட்டரின் பார்வையில் எங்கே இருக்கின்றன என்று அது காட்டும். ஸ்டிக்கிலிருந்து கையை எடுங்கள். புள்ளி நடுவில் அசையாமல் நிற்கிறதா? நடுங்கினால் உள்ளே இருக்கும், அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காந்த சென்சார் உள்ள ஸ்டிக்குகளில் உரசும் பாகம் இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. நடுக்கம் சிறிதென்றால் டெட்ஸோனில் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) 2 அல்லது 3 வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் நுண்ணிய திருத்தங்கள் செத்துவிடும். எரிபொருள் டேங்கருக்குப் பின்னால் நின்று இணையும்போது அது தெரியும்.

என் மூன்று நாளைத் தின்ற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய பெடல்களோடு உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடுகிறது, முழு விசை கொடுத்தாலும் விமானம் நகரவில்லை. நிறுவலையே அழித்துத் திரும்பப் போட்டேன். கடைசியில் பார்த்தால், பெடலின் பிரேக் ஆக்சிஸ் தலைகீழாக இருந்தது. கால் படாதபோது முழு பிரேக், மிதித்தால் விடுவிப்பு. ஆக்சிஸ் டியூன் பக்கத்தில் 'இன்வெர்ட்' என்ற ஒரு டிக். அவ்வளவுதான்.

கர்வ் என்பது ஸ்டிக் நடுவில் இருக்கும்போது அதன் அசைவை மென்மையாக்கும் அமைப்பு. அதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கர்வ் போடுவது ஏமாற்று வேலை என்பவர்கள் ஒரு பக்கம். நான் அடுத்த பக்கம். உண்மையான மஸ்டாங்கின் ஸ்டிக் தரையிலிருந்து விமானியின் மடிவரை எழும் நீளமான கம்பி. நம் மேசையில் இருப்பது ஒரு சாண். அங்கே கை ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்தால் கிடைக்கும் அசைவு, இங்கே ஒரு சென்டிமீட்டரில் கிடைத்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் கர்வ். பிட்ச்சுக்கு 15 முதல் 20, ரோலுக்கு 10 முதல் 15 என்று தொடங்குங்கள். த்ராட்டிலுக்குக் கர்வ் வேண்டாம். ஸ்டிக்குக்கு நீட்டிப்புக் கம்பி போட்டவர்களுக்கு எதிலுமே தேவைப்படாது.

இரண்டு சின்ன விஷயங்கள். யுஎஸ்பி போர்ட்டை மாற்றிச் செருகினால் சில நேரம் பட்டன்கள் எல்லாம் காணாமல் போகும். அவை அழிவதில்லை. கருவிக்கு விண்டோஸ் புதிய அடையாள எண் கொடுத்துவிட்டது, அவ்வளவே. 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் 'இன்புட்' ஃபோல்டரில் பழைய எண்ணோடு உள்ள ஃபைலின் பெயரில் புதிய எண்ணைப் போட்டால் திரும்ப வந்துவிடும். எந்தக் கருவி எந்தப் போர்ட் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பது இதைவிட எளிது. நடுவானில் கருவி துண்டிக்கப்பட்டால், விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை அணையுங்கள்.

படி 3: ஊன்றுகோல்களை எடுத்துவிடுங்கள்

கேம்ப்ளே பக்கத்தில் எளிய பறப்பு, எளிய ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்), லேபிள்கள், அளவில்லா எரிபொருள், அளவில்லா ஆயுதம், சிறு ஹட் (கண்முன் பறப்புத் தகவல் காட்டும் திரை) எல்லாவற்றையும் அணையுங்கள். 'ஜி எஃபெக்ட்' (திருப்பங்களில் விமானியின் உடலை அழுத்தும் விசையின் விளைவு) சிமுலேஷன் என்று இருக்கட்டும். 'வேக் டர்புலன்ஸ்' போட்டால் முன்னே போகும் விமானத்தின் காற்றுச் சுழல் உங்களை உலுக்கும். கொஞ்சம் கணினி வலு கேட்கும், ஆனால் கூட்டமாகப் பறக்கும்போது அதன் மதிப்பு தெரியும். ஆடியோவில் 'ஹெல்மெட்டுக்குள் கேட்பதுபோல்' என்ற தேர்வும் உண்டு. இன்ஜின் சத்தம் மங்கி ரேடியோ தெளியும். சின்ன மாற்றம், ஆனால் திரும்பப் போக மனம் வராது.

பலர் தவறவிடுவது 'ஸ்பெஷல்' பக்கம். மஸ்டாங்குக்கு அங்கே 'டேக்ஆஃப் அசிஸ்டன்ஸ்' என்று ஒரு ஸ்லைடரும், 'ஆட்டோ ரட்டர்' என்று ஒரு தேர்வும் இருக்கின்றன. புதியவருக்கு உதவத்தான் வைத்தார்கள். நீங்கள் ரட்டரை மிதிக்கும்போது அதுவும் மிதிக்கும். இரண்டு பேர் ஒரே சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்த கதை. முதலில் 50-க்கு இறக்குங்கள், பழகியதும் 0.

இப்போது அந்த இடப்பக்க இழுப்புக்கு வருவோம். மெர்லின் இன்ஜின் சுற்றும் ப்ரொப்பெல்லர், காக்பிட்டிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுற்றித் திருகிப் போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் எழும்போது, சுழலும் ப்ரொப்பெல்லர் ஒரு பம்பரம்போல் நடந்துகொண்டு மூக்கை மேலும் இடப்பக்கம் திருப்புகிறது. எல்லாம் ஒரே திசை. அதனால்தான் ரட்டர் ட்ரிம்மை (ரட்டரை ஒரு பக்கம் நிலையாகச் சாய்த்துவைக்கும் அமைப்பை) 6 டிகிரி வலப்பக்கம் வைத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராக ஓட உதவும். முன்னால் தள்ளினால் பூட்டு திறந்துவிடும். ஆகவே ஸ்டிக் பின்னால், விசை மெதுவாக 40 அங்குலம் வரை (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில்), நேராக ஓடுகிறது என்று உறுதியானதும் 61 அங்குலம், 3000 ஆர்பிஎம். வலது கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

மேலே போனதும் அதே 61-இல் விட்டுவிட்டால் சில நிமிடங்களில் இன்ஜின் செத்துப்போகும். அதுவும் பக் இல்லை. தொடர்ந்து ஓட்டக்கூடிய எல்லை 46 அங்குலம், 2700 ஆர்பிஎம்.

படி 4: கண்ணுக்கு எது நிஜம்

எதிரி விமானம் தெரியவே இல்லை என்ற புகாரைக் கேட்காத நாள் இல்லை. இதற்கு விடை கொஞ்சம் கணக்கில் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். நீங்கள் 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது உங்கள் கண்ணில் அடைப்பது சுமார் 46 டிகிரிதான். ஆனால் சிமுலேட்டர் அந்த ஜன்னலுக்குள் 80 டிகிரி உலகத்தை அடைத்துக் காட்டினால், எல்லாமே நிஜத்தில் பாதி அளவில்தான் தெரியும். 10 மீட்டர் நீள விமானம் 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 பிக்செல் அகலத் திரையில், 80 டிகிரியில் அது இரண்டு பிக்செலைக் கொஞ்சம் தாண்டும். 46 டிகிரிக்கு ஜூம் செய்தால் நாலரை பிக்செல். நல்ல பார்வை உள்ளவர் நிஜ வானத்தில் இதைவிடத் தெளிவாகப் பார்ப்பார்.

ஆகவே ஜூம் செய்வது ஏமாற்று அல்ல. அப்போதுதான் நிஜ அளவு கிடைக்கிறது. அகலமான பார்வை சூழலை உணர, குறுகிய பார்வை உற்றுப் பார்க்க. த்ராட்டிலில் சும்மா கிடக்கும் ஒரு சக்கரத்தை ஜூம் ஆக்சிஸாக வையுங்கள். தலையைத் திருப்ப ஹெட் ட்ராக்கர் இருந்தால் நல்லது. காசு செலவு வேண்டாமென்றால் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமிலேயே முகத்தைப் பின்தொடரும். பழக இரண்டு நாள் ஆகும். பழகிவிட்டால் அது இல்லாமல் காக்பிட்டில் உட்காரவே தோன்றாது.

2023 அக்டோபரில் வந்த 2.9 பதிப்பிலிருந்து தூர விமானங்களைப் புள்ளிகளாகக் காட்டும் முறையை மாற்றியமைத்தார்கள். அதே பதிப்பில், படத்தைச் சிறிதாக வரைந்து செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் வந்தது. ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) ஏறும், உண்மைதான். ஆனால் வேகமாகக் குறுக்கே போகும் விமானத்துக்குப் பின்னால் ஒரு பேய் நிழல் இழுபடும், காக்பிட் திரைகளில் மாறும் எண்கள் மசமசக்கும். நாய்ச்சண்டை (விமானங்கள் நெருங்கி நின்று போடும் சண்டை) பிரியர்களுக்கு அது ஆகாது. நான் நிழல்களின் தரத்தைக் குறைத்து, டிஎல்எஸ்எஸ் இல்லாமலே ஓட்டுகிறேன்.

கிராஃபிக்ஸ் பற்றி இதற்கு மேல் நீட்டப்போவதில்லை. ஒன்றே ஒன்று: வலப்பக்க கண்ட்ரோலும் பாஸ் (Pause) விசையும் சேர்த்து அழுத்தினால் ஃபிரேம் ரேட் வரும். மீண்டும் அழுத்தினால் தடை சிபியூவிலா (செயலி) ஜிபியூவிலா (கிராஃபிக்ஸ் அட்டை) என்றும் சொல்லும். ஜிபியூ என்றால் ரெசல்யூஷன், நிழல், மேகம் குறையுங்கள். சிபியூ என்றால் படத் தரத்தைக் குறைத்துப் பயனில்லை. மிஷனில் உள்ள வண்டிகளையும் விமானங்களையும் குறைக்க வேண்டும்.

படி 5: ஒரு சோதனைப் பறப்பு

"இந்த விமானம் நிஜத்தைவிட மெதுவாகப் போகிறது" என்று சொல்ல எவரும் சொல்லலாம். அளந்து சொல்பவர் குறைவு. அளப்பதற்கு முதலில் ஒரே மாதிரியான வானம் வேண்டும்.

மிஷன் எடிட்டரைத் திறந்து, காகசஸ் வரைபடத்தில் உள்ள பத்துமி விமானதளத்தில் மஸ்டாங்கை வையுங்கள். கருங்கடல் பக்கத்திலேயே இருக்கிறது, தாழப் பறக்க வசதி. வெப்பநிலையைப் பாருங்கள். எடிட்டர் பொதுவாக 20 டிகிரி போட்டுவைத்திருக்கும். செயல்திறன் அட்டவணைகள் பெரும்பாலும் 15 டிகிரி செல்சியஸ், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்ற நியம வானத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. இரண்டையும் மாற்றுங்கள். காற்று எல்லா உயரத்திலும் 0. எரிபொருள் 50 சதவீதம். இந்த மிஷனைச் சேமித்து, இனி எந்தச் சோதனைக்கும் இதையே பயன்படுத்துங்கள்.

முதல் சோதனை இயற்பியலுக்கு. 1000 அடியில், மணிக்கு 250 மைல் வேகத்தில், 60 டிகிரி சாய்த்து, உயரமும் வேகமும் மாறாமல் ஒரு முழு வட்டம் அடியுங்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் சரியாக 2 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு விசை, வரும். எந்த விமானமானாலும் அதே. அந்த வேகத்தில் வட்டம் முடிய சுமார் 41 நொடி ஆக வேண்டும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். 40, 42 என்று வந்தால் சிமுலேட்டரின் அடிப்படை இயற்பியல் சரி, உங்கள் கையும் பரவாயில்லை. 35 வந்தால் வேகத்தை இழந்திருப்பீர்கள், அல்லது சாய்வு கூடியிருக்கும்.

இரண்டாவது, நேர்வேகம். 46 அங்குலம், 2700 ஆர்பிஎம்மில் வைத்து மட்டமாகப் பறந்து, முள் நகர்வதை நிறுத்தும்வரை காத்திருங்கள். மூன்று நிமிடமாவது ஆகும். பலர் ஒரே நிமிடத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள்.

இங்கேதான் மஸ்டாங்கின் புகழ்பெற்ற மணிக்கு 437 மைல் வேகம் பலரைக் கவிழ்க்கிறது. அது 25,000 அடியில் எடுத்த உண்மை வேகம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. வேகமானி அளப்பது மோதும் காற்றின் அழுத்தத்தைத்தான். அதனால் 437-இல் பறக்கும்போது முள் 300-ஐ ஒட்டி எங்கோ நிற்கும். "நூற்று முப்பது மைல் குறைகிறது, ஃப்ளைட் மாடல் தப்பு" என்று இதை வைத்து எழுதப்பட்ட நீளமான புகார்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை நானே எழுதி, அனுப்புமுன் அழித்தேன்.

ஒரு லூப் (செங்குத்தான முழு வட்டம்) அடித்த பிறகு செயற்கை அடிவானம் என்ற கருவி கோணலாக நின்றால் அதையும் விட்டுவிடுங்கள். அதற்குள் சுழலும் அந்தக் காலத்து கைரோவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தடுமாறிவிடும். கருவியில் உள்ள குமிழால் பூட்டித் திரும்ப விட்டால் சரியாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் புகார் நியாயமானது. கணினி ஓட்டும் எதிரி விமானங்கள் உங்கள் விமானத்தின் முழு இயற்பியலில் பறப்பதில்லை. அவற்றுக்கு எளிமையாக்கிய கணக்கு. அதனால் சில நேரம் வேகத்தை இழக்காமல் செங்குத்தாக ஏறிக்கொண்டே போகும். அவற்றோடு அளந்து உங்கள் விமானத்தைக் குறை சொல்லாதீர்கள். மிஷன் எடிட்டரில் அவற்றின் திறனைக் குறைத்து வைப்பதும், மனிதர்களோடு பறப்பதும்தான் இப்போதைக்கு வழி.

படி 6: பக் வேடத்தில் வரும் நிஜங்கள்

நவீன ஜெட்டுகளுக்குப் போனால் பட்டியல் நீளும். அடிக்கடி கேட்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ரேடார் பூட்டு திடீரென்று அறுந்துபோகிறதா? எதிரி உங்களுக்குச் செங்குத்தாகக் குறுக்கே திரும்பியிருப்பார். டாப்ளர் ரேடார் இலக்கைத் தரையிலிருந்து பிரித்தறிவது நெருங்கும் வேகத்தை வைத்து. குறுக்கே போனால் அந்த வேகம் தரையின் வேகத்தோடு ஒன்றாகிவிடும், ரேடார் வடிகட்டிவிடும். நிஜ விமானிகள் வேண்டுமென்றே செய்யும் தந்திரம் இது.

ஹட்டில் பறக்கும் திசையைக் காட்டும் குறி, விமானம் போகும் திசைக்குச் சம்பந்தமில்லாமல் எங்கோ நிற்கிறதா? ஐஎன்எஸ் (விமானத்தின் இடத்தையும் திசையையும் தானே கணக்கிடும் கருவி) சீராகும் முன்பே தரையில் உருட்டிப் போயிருப்பீர்கள். எஃப்-16-இல் முழுச் சீரமைப்புக்கு சுமார் 8 நிமிடம் ஆகும். அதுவரை சக்கரம் உருளக்கூடாது. டீ குடித்துவிட்டு வரலாம்.

லேசர் குண்டு இலக்கைப் பார்க்காமலே விழுகிறதா? குண்டில் உள்ள குறியீடும் லேசர் அடிக்கும் கருவியில் உள்ள குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமாக 1688. மிஷன் செய்தவர் மாற்றியிருந்தால் பிரீஃபிங்கில் (பறக்குமுன் காட்டும் குறிப்பு) எழுதியிருப்பார். நாம்தான் படிப்பதில்லை.

வரைபடம் காட்டும் திசைக்கும் திசைகாட்டிக்கும் சில டிகிரி வித்தியாசமா? வரைபடம் உண்மை வடக்கு, திசைகாட்டி காந்த வடக்கு. காகசஸில் சுமார் 6 டிகிரி, நெவாடாவில் சுமார் 12. மிஷன் எடிட்டரில் காற்றின் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு. வானிலை அறிக்கையில் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வார்கள். எடிட்டரின் அம்பு எங்கே போகிறது என்று காட்டுகிறது. சந்தேகமென்றால் ஓடுதளத்தின் காற்றுப் பையைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

படி 7: இப்போதுதான் ரிப்பேர்

இவ்வளவும் கழித்த பிறகும் எஞ்சினால், நிறுவலைப் பார்ப்போம். வரிசை முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு அதே சோதனை மிஷன். நான்கை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் சேவ்டு கேம்ஸில் உள்ள 'டிசிஎஸ்' ஃபோல்டரின் பெயரை 'டிசிஎஸ் பழையது' என்று மாற்றிவிட்டு சிமுலேட்டரைத் திறங்கள். புதிய ஃபோல்டரை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். குறை போய்விட்டதா? அப்படியானால் சிமுலேட்டரில் கோளாறு இல்லை, பழைய ஃபோல்டரில்தான் இருக்கிறது. முதலில் 'கான்ஃபிக்'கை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள், பிறகு மாட்களைப் பாதிப் பாதியாக. எந்தப் பாதியைச் சேர்த்ததும் குறை திரும்புகிறதோ அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். முப்பது மாட் இருந்தாலும் ஐந்து முறையில் குற்றவாளி மாட்டிக்கொள்வார்.

'ஸ்க்ரிப்ட்ஸ்' ஃபோல்டரில் உள்ள, பறப்புத் தகவலை வெளியே அனுப்பும் எக்ஸ்போர்ட் ஃபைலைத் தனியாகக் கவனியுங்கள். பறப்பைப் பதிவுசெய்து அலசும் டாக்வியூ, ரேடியோ மென்பொருள், காக்பிட் பேனல்கள் என்று வெளி மென்பொருள்கள் எல்லாம் அந்த ஒரே ஃபைலில்தான் ஆளுக்கொரு வரி எழுதுகின்றன. ஒருவர் வரி கெட்டால் மற்றவர்களும் படுத்துவிடுவார்கள்.

குறை போகவில்லையென்றால் ரிப்பேர். ஸ்டார்ட் மெனுவிலேயே அதற்கான இணைப்பு இருக்கும். ஸ்டீம் வழியாக நிறுவியவர்கள் ஃபைல்களைச் சரிபார்க்கும் ஸ்டீம் வசதியைப் பயன்படுத்துங்கள். தானாகச் செய்யும் ரிப்பேர், நிறுவல் ஃபோல்டருக்குள் தனக்குச் சொந்தமில்லாத ஃபைல்களைக் கண்டால் எடுத்து 'பேக்கப்' என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அங்கே நேரடியாக மாட் போட்டவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். மாட் போடுவதென்றால் சேவ்டு கேம்ஸில் போடுங்கள், அல்லது ஒரு மாட் மேனேஜர் வழியாகப் போட்டு, அப்டேட்டுக்கு முன் கழற்றிவிடுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு படம் சிதறுவது, நிறம் மாறுவது, தண்ணீர் மினுக்குவது போன்றவை பெரும்பாலும் பழைய ஷேடர்களால் (ஒளியையும் நிழலையும் வரையும் சிறு நிரல்கள்) வருபவை. சேவ்டு கேம்ஸ் 'டிசிஎஸ்' ஃபோல்டருக்குள் 'எஃப்எக்ஸ்ஓ', 'மெட்டாஷேடர்ஸ்2' என்ற இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். அவற்றின் உள்ளடக்கத்தை அழியுங்கள். அடுத்த முறை திறக்க நேரம் எடுக்கும், முதல் பறப்பு கொஞ்சம் திக்கும், பிறகு சரியாகும்.

சிமுலேட்டர் அப்படியே மூடிக்கொண்டால் 'லாக்ஸ்' ஃபோல்டரைத் திறங்கள். கடைசிப் பறப்பின் லாக் அங்கே இருக்கும். கிராஷ் ஆகியிருந்தால் தேதியோடு ஒரு ஜிப்பும் இருக்கும். லாக்கில் 'எரர்' என்று நூறு வரி இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சுத்தமான நிறுவலிலும் எரர் வரிகள் இருக்கும், பெரும்பாலும் அவை தீங்கற்றவை. கடைசி இருபது முப்பது வரிகளை மட்டும் படியுங்கள். ஏதோ ஒரு மாட்டின் பெயரோ, கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரோ, நினைவகம் போதவில்லை என்ற செய்தியோ அங்கே இருக்கும். நினைவகம் என்றால் விண்டோஸ் பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது டிரைவில் பயன்படுத்தும் இடம்) எஸ்எஸ்டியில் தாராளமாக வையுங்கள். 16 ஜிபி ரேமோடு பெரிய ஆன்லைன் சர்வருக்குப் போவது, பண்டிகை நாளில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுவது மாதிரி.

படி 8: அது பக்தான் என்றால்

இந்தச் சிமுலேட்டரின் வேர் 1995-இல் வந்த சு-27 ஃப்ளாங்கர் என்ற கேம் வரை போகிறது. 2003-இல் லாக் ஆன், 2008-இல் பிளாக் ஷார்க், 2012-இல் டிசிஎஸ் வேர்ல்டு என்று அடுக்கடுக்காக வளர்ந்த வீடு. பழைய சுவரில் ஆணி அடித்தால் எதிர் அறையில் விரிசல் விழத்தான் செய்யும். 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 என்ற இன்னொரு சிமுலேட்டரின் கதை இதைவிட வேடிக்கை. பக்குகளோடு வெளியானது, 2000-இல் அதன் மூலக்குறியீடு கசிந்தது, அதன் பிறகு ரசிகர்களே அதைத் திருத்தி பிஎம்எஸ் என்ற பெயரில் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். டிசிஎஸ்ஸில் மூலக்குறியீடு நம் கையில் இல்லை. நம்மால் முடிந்தது நல்ல புகார் ஒன்றை எழுதுவது.

நல்ல புகாரின் உயிர் ட்ராக் ஃபைல். பறந்து முடித்ததும் டீபிரீஃபிங் பக்கத்தில் சேமிக்கலாம். அது வீடியோ அல்ல. நீங்கள் ஸ்டிக்கை எப்போது எவ்வளவு அசைத்தீர்கள் என்ற பதிவு. திரும்ப ஓட்டும்போது சிமுலேட்டர் அந்த அசைவுகளை வைத்துப் பறப்பை மீண்டும் கணக்கிடுகிறது. அதனால்தான் ஒரு மணி நேர ட்ராக் பாதியில் தடம் மாறி, நீங்கள் இறங்கிய ஓடுதளத்துக்குப் பக்கத்து வயலில் போய் விழும். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் குறையைக் காட்டும் மிஷன் ஒன்றைச் செய்யுங்கள். ஒரே விமானம், மாட் எதுவும் இல்லை, காற்று இல்லை, வானத்திலேயே தொடக்கம். அதில் குறை வந்தால் உடனே வெளியேறி ட்ராக்கைச் சேமியுங்கள். நீங்களே ஒரு முறை அதை ஓட்டிப் பாருங்கள். திரும்ப ஓட்டும்போதும் குறை வந்தால்தான் அது அவர்களுக்கு உதவும்.

எழுதும்போது நான்கு விஷயம் போதும்: பதிப்பு எண், நீங்கள் செய்தது, நடந்தது, நடந்திருக்க வேண்டியது. நான்காவதுக்கு ஆதாரம் வேண்டும். "எனக்கு அப்படித் தோன்றுகிறது" எடுபடாது. விமானத்தின் கையேட்டில் உள்ள அட்டவணை, எந்த எடையில், எந்த உயரத்தில் என்ற விவரம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இன்றும் பயன்பாட்டில் உள்ள விமானங்களின் ரகசிய ஆவணங்களை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அப்படிப்பட்டதை இணையத்தில் போட்டுச் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு, நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை.

அனுப்பிய பிறகு அந்தச் சோதனை மிஷனை அழித்துவிடாதீர்கள். 60 டிகிரி வட்டத்தின் நொடிகள், நேர்வேகத்தின் எண், பதிப்பு, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த அப்டேட் இறங்கியதும் முதல் வேலையாக அதே மிஷனை ஓட்டி, புதிய எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். என் நோட்டில் மஸ்டாங்கின் வட்டம் 41-லிருந்து ஒரே ஒரு முறை 46-க்குப் போனது. அரை நாள் குழம்பிய பிறகு பார்த்தால், அன்று சொன்ன வேகத்தைத் தாண்டி வேகமாகப் பறந்திருந்தேன்.